மூன்றாக வெட்டிய கைடு

தளவாய்புரத்தில் ஒரு வருஷத்தில் தைக்கிற நைட்டிகளை ஒன்றோடொன்று முடிந்து கட்டினால், அதைப் பிடித்துக்கொண்டு நிலாவுக்கு ஏறிப் போய்விட்டு, திரும்பும் வழியில் ராஜபாளையத்தில் இறங்கி ஒரு டீயும் குடித்துவிட்டு வரலாம். அவற்றில் பாதிக்கு ஜிப் வைத்தவள் சத்யப்பிரியா என்று சொன்னால் ஊரில் மற்ற ஜிப்காரிகள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அவளுடைய வலது தோள்பட்டையை விசாரித்தால் முக்கால்வாசி என்றே சாட்சி சொல்லும்.

இருபத்திரண்டு வயது அவளுக்கு. பிளஸ் டூ முடித்த கையோடு, காசிராஜன் அண்ணாச்சியின் நைட்டிக் கம்பெனியில் ரெண்டே ரெண்டு மாசத்துக்கு என்று மெஷினில் உட்கார்ந்தவள். அந்த ரெண்டு மாசம் நாலு வருஷமாகியும் முடிந்தபாடில்லை. காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணிச் சங்கு ஊதும்போதுதான் எழுந்திருக்க முடியும். வீட்டுக்கு நடக்கையிலும் கால் இரண்டும் பெடலை மிதித்துக்கொண்டே வருவதால் தெருநாய்கள் என்னவோ ஏதோ என்று ஒதுங்கி வழிவிடும். சோறு தின்றுகொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். அம்மா பரிபூரணம் வந்து, கையில் நிற்கிற கவளத்தை வாய்க்குள் தள்ளி, தாடையைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவாள்.

இந்தச் சோர்வுக்கு நடுவில் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. வரலாறு படிக்க வேண்டும். செத்துப்போன ராஜாக்கள் எல்லாம் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்ற பொறாமையில் வந்த ஆசையோ என்னவோ, பள்ளிக்கூடத்திலிருந்தே அது அவளை விடவில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. சேர ஒரு பொது நுழைவுத்தேர்வு உண்டு என்றும், வரலாற்றுத் தாளைத் தமிழிலேயே எழுதலாம் என்றும் தெரிந்தபோது அவளுக்குப் பாதிச் சோர்வு போய்விட்டது. கூடவே இங்கிலீஷ் தாள் ஒன்றும் எழுத வேண்டும் என்று தெரிந்தபோது போன சோர்வு வட்டியோடு திரும்பி வந்தது. ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம். இலக்கணம், வார்த்தைக்கு அர்த்தம், கலைந்து கிடக்கும் வாக்கியங்களை அடுக்குவது. சரியாகச் சொன்னால் ஐந்து மார்க்கு. தப்பாகச் சொன்னால் ஒரு மார்க்கைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அதற்கும் ஒரு கெடு இருந்தது. காசிராஜன் அண்ணாச்சி கார்த்திகை மாசமே சொல்லிவிட்டார்.

"ஏம்மா சத்யா, ஆடி முடியட்டும், ஒன்ன செக்கிங் சூப்பர்வைசர் ஆக்குதேன். மெஷின விட்டு எந்திரிச்சு, சேர்ல உக்காந்து அதிகாரம் பண்ணலாம். ஆனா ஒண்ணு. மூணு வருஷத்துக்கு நகரக்கூடாது. கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"பரீட்ச எழுதப் போறேன் அண்ணாச்சி. சீட்டு கெடச்சா போயிருவேன்."

"கெடைக்கலைன்னா?"

"கையெழுத்துப் போட்டிருதேன்."

வாயிலிருந்து வார்த்தை வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மூன்று வருஷம் கழித்து எந்த ராஜாவும் இவளுக்காகக் காத்திருக்கப்போவதில்லை. இந்த வருஷம் இல்லையென்றால் இல்லைதான்.

கம்பெனியில் பரீட்சைக்குத் துணிந்தவர்கள் அவளோடு சேர்த்து மூன்று பேர். கட்டிங் டேபிளில் நிற்கும் ஆல்வினுக்கு பி.காம். படிக்க ஆசை; பத்தொன்பது வயது, ஐம்பது துணியை அடுக்கி வைத்துக் கட்டிங் மெஷினால் அல்வா மாதிரி அறுப்பவன். அடுத்தவள் பாண்டிசெல்வி. நைட்டிக்குக் கை வைப்பது அவள் வேலை. சத்யாவைவிட இரண்டு வயது மூத்தவள். நைட்டி தைக்காத ஊரில் எந்தப் பாடம் கிடைத்தாலும் படிக்கத் தயார் என்பது அவளுடைய கொள்கை.

மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போய் இங்கிலீஷ் கைடு ஒன்று வாங்கிவந்தார்கள். கடையில் இருந்தது ஒரே ஒரு பிரதி. அதன் கனத்துக்கு பஸ்ஸில் கண்டக்டர் தனி டிக்கெட் கேட்காதது பெரிய புண்ணியம். அறுநூற்று நாற்பது பக்கம். திங்கள்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை ஜிப் மெஷின் மேல் வைத்து மூவரும் சுற்றி நின்று பார்த்தார்கள். யாருக்கும் திறக்க மனசு வரவில்லை.

"இதப் படிச்சு முடிக்கங்குள்ள எனக்குப் பேரன் பேத்தி பொறந்திரும்," என்றாள் பாண்டிசெல்வி. அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

சத்யாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. பாவம், தூக்கக் கலக்கத்தில் வந்த யோசனை.

"ஒரு நைட்டிய நாம முழுசாவா தைக்கோம்? ஒருத்தி கழுத்து, ஒருத்தி கை, ஒருத்தி ஜிப்பு. அதனாலதான ஒரு நாளைக்கு அம்புட்டு பீஸ் எறங்குது. அது மாதிரி இதையும் பிரிச்சிக்கிருவோம். இலக்கணம் எனக்கு. வார்த்த பூராம் ஆல்வினுக்கு. வாக்கியம் அடுக்குறது பாண்டிக்கு. அவங்கவங்க பாகத்த நல்லாப் படிச்சிட்டு, கடைசிப் பத்து நாள்ல ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்து ஜாயிண்டு பண்ணிருவோம்."

கேட்ட இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது. நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்தபோதுகூட உலகம் இத்தனை சீக்கிரம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆல்வின் ஒரு நிமிஷமும் தாமதிக்கவில்லை. கைடைத் தூக்கிக்கொண்டு போய் டேபிளில் வைத்து, ஸ்கேலால் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, பாகம் பிரியும் இடத்தில் முதுகின் மேல் மெஷினை ஓட்டினான். அறுநூற்று நாற்பது பக்கமும் மூன்று துண்டாகப் பிரிந்தது. ஆளுக்கொரு துண்டு. ஓரம் பிரியாமல் இருக்க ஊதாப்பூ போட்ட நைட்டித் துணியில் அட்டையும் தைத்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "படிப்ப கிலோ கணக்குல வெட்டுத ஆள இப்பத்தாம்டே பாக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கம்பெனியை அறிந்தவர்கள் யாரும் இதைத் தப்பென்று சொல்லமாட்டார்கள். அங்கே கட்டுக்குக் கட்டு, தைத்தவர் பெயரோடு ஸ்டிக்கர் உண்டு. எந்த இடத்தில் கோணல் விழுந்தாலும் எந்தக் கை என்று தெரிந்துவிடும். அதனால் அடுத்த ஆள் வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது முதல் சட்டம். ஒருமுறை பாண்டிசெல்வி தைத்தனுப்பிய கை கோணலாக இருக்கிறதே என்று சத்யா இரக்கப்பட்டுப் பிரித்துத் தைத்துவிட்டாள். அன்றைக்கு அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையம் சஞ்சீவி மலையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்ததாகச் சொல்வார்கள். அதிலிருந்து சத்யாவின் கண், தன் ஜிப் வரும் இடத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. கை இல்லாத நைட்டி வந்தால்கூட ஜிப்பை மட்டும் வைத்து அனுப்பிவிடுவாள்.

மார்கழி, தை, மாசி. படிப்பு நடந்தது. காலை நாலரைக்கு எழுந்து, அடுப்புக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு பக்கம். கம்பெனிக்கு நடக்கும்போது அரைப் பக்கம். டீ நேரத்தில் கால் பக்கம். நேற்று நடந்தது, நேற்றைக்கு முன்னால் நடந்து முடிந்திருந்தது, நாளை இந்நேரம் நடந்துகொண்டிருக்கப்போவது என்று இங்கிலீஷ்காரன் காலத்தைப் பன்னிரண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தான். சத்யாவுக்கு இருந்தது ஒரே காலம். தூக்கம் வந்துகொண்டே இருக்கும் காலம். ஆனாலும் விடாமல் மென்றாள். இன், ஆன், அட் எல்லாம் அவளுக்கு ஜிப்பின் பற்கள் மாதிரி வரிசையாக வந்து பூட்டிக்கொண்டன. எந்த வாக்கியத்தைக் காட்டினாலும் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

ஆல்வின் அதைவிட மோசம். தினம் இருபது வார்த்தை. வெட்டப்போகும் துணியின் மேலேயே சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டு, கத்திப் படித்துக்கொண்டே அறுப்பான். ஒருநாள் அழிக்க மறந்துவிட்டான். பத்து நாள் கழித்து மதுரை வியாபாரி போனில் கூப்பிட்டார்: "அண்ணாச்சி, நைட்டியில 'மெலன்கலி'ன்னு போட்டிருக்கே, புது பிராண்டா? நல்லாப் போகுது. இன்னும் இருநூறு அனுப்புங்க." துக்கம் என்று அர்த்தமாம் அதற்கு. மதுரைப் பெண்கள் பாதிப்பேர் அந்த வருஷம் துக்கத்தை உடுத்திக்கொண்டு சந்தோஷமாகக் கோலம் போட்டார்கள்.

"அக்கா, டயர்டா இருக்கதுக்கு இங்கிலீஷ்ல ஏழு வார்த்த இருக்குக்கா," என்றான் ஆல்வின் ஒரு சாயங்காலம். "வியரி, எக்ஸாஸ்டட், ஃபெடீக்டு..."

"ஏழு பத்தாதுலே," என்றாள் சத்யா, மெஷினில் தலையைச் சாய்த்தபடி. "அவிய ஜிப்பு வச்சுப் பாத்ததில்ல. அதான் ஏழோட நிறுத்திட்டாவ."

பாண்டிசெல்வி கலைந்த வாக்கியங்களை அடுக்கிக் கொண்டிருந்தாள். அந்தப் பழக்கம் முற்றிப்போய், வீட்டில் அவள் அம்மா திட்ட ஆரம்பித்தால் "அம்மா, மூணாவது சொன்னத மொதல்ல சொல்லு, அப்பத்தான் கோர்வையா இருக்கும்" என்று திருத்தி, விளக்குமாற்றால் ஒரு முறை அடியும் வாங்கினாள்.

இந்த அழகில் சித்திரை வந்தது. ஜாயிண்டு போட வேண்டிய கடைசிப் பத்து நாளும் வந்தது. கூடவே ஆடித் தள்ளுபடிக்கான ஆர்டரும் வந்தது. எட்டாயிரம் பீஸ். ஞாயிறு லீவு ரத்து. கரண்ட் இருக்கிறவரை மெஷின் நிற்கக்கூடாது. பத்து நாள் மூன்று நாளானது. மூன்று நாள் ஒரு நாளானது. கடைசியில் சத்யாவின் பரீட்சைக்கு முந்தின நாள் டீ நேரத்துப் பத்து நிமிஷத்தில் வந்து நின்றது. ஹால் டிக்கெட்டில் இங்கிலீஷ் தாளுக்கு மூவருக்கும் வேறு வேறு தேதி போட்டிருந்தார்கள். சத்யாவுக்கு நாளை. மற்ற இருவருக்கும் அதற்கு ஐந்து நாள் கழித்து.

அந்தப் பத்து நிமிஷத்தில் ஆல்வின் அவளுக்கு ஆயிரத்து அறுநூறு வார்த்தை சொல்லிக் கொடுக்க முயன்றான். வாயில் வடை வேறு. வார்த்தையும் வடையும் சேர்ந்து தெறித்ததில் சத்யா ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"ஏலே, மெதுவாச் சொல்லு. மூஞ்சியெல்லாம் உளுந்து."

"நேரமில்லக்கா! அபண்டன்ட்டுன்னா நெறைய, ஸ்கேர்ஸுன்னா கொஞ்சம்..."

சங்கு ஊதிவிட்டது. 'ஏ' எழுத்திலிருந்து ஏழெட்டு, 'எஸ்' எழுத்தில் ஒன்று. அவ்வளவுதான் அவள் கணக்கில் ஏறியது. பாண்டிசெல்வி தன் பங்குக்கு, "என் பாகத்த பஸ்ல போகும்போது படிச்சிக்கோட்டி" என்று துண்டை நீட்டினாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு பஸ். தளவாய்புரத்தில் ஏறி உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்ததுதான் ஞாபகம். "ராஜபாளையம், ராஜபாளையம், எறங்கு" என்று கண்டக்டர் தோளைத் தட்டினார். அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிடித்து மறுபடி விரித்தாள். பக்கத்துச் சீட்டில் ஒரு கூடை சப்பட்டை மாம்பழத்தோடு ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். அந்த வாசனைக்கு அரசர்களே மயங்கி விழுவார்கள் என்னும்போது ஜிப்காரி எம்மாத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் ஜன்னலில் தெரியும்போதுதான் கண் விழித்தாள். ஆச்சியின் தோளில் தலை. கைடின் மேல் எச்சில்.

"எந்திச்சிட்டியா தாயி," என்றார் ஆச்சி. "பரீட்சையா? தூங்குத மொகத்தப் பாத்து எழுப்ப மனசு வரல. புத்தகத்த நாந்தான் கீழ விழாமப் பிடிச்சிக்கிட்டு வந்தேன்."

பரீட்சை மையம் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில். வாசலில் சோதனை போட்ட அம்மாள் அவள் துப்பட்டாவிலிருந்து நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, "என்னம்மா, உடம்புல நூல்கண்டே வச்சிருக்க" என்றார். ஹேர்பின்னைக் கழற்றச் சொன்னார்கள். கம்மலைக் கழற்றச் சொன்னார்கள். தூக்கத்தை மட்டும் யாரும் கழற்றி வாங்கிக்கொள்ளவில்லை. அதை உள்ளே கொண்டுபோனாள்.

உள்ளே ஏசி. சத்யா தன் வாழ்நாளில் அதுவரை ஏசியில் இருந்த மொத்த நேரம், துணிக்கடை வாசலைக் கடக்கையில் காலில் பட்ட காற்றையும் சேர்த்தால், ஒன்றரை நிமிஷம். இப்போது ஒரு மணி நேரம். கம்ப்யூட்டர் திரையில் கேள்வி வந்தது. வேலையை ஆரம்பித்தாள்.

முதல் கேள்வி இலக்கணம். டக். இரண்டாவது, ஒரு வார்த்தைக்கு எதிர்ப்பதம். தாண்டினாள். மூன்றாவதில் வாக்கியம் அடுக்கவேண்டும். தாண்டினாள். நான்காவது இலக்கணம். டக். இப்படியே போனாள். கம்பெனியில் கட்டுக்கட்டாக வருகிற துணியில் ஜிப் வைக்கும் இடத்துக்கு மட்டும் கண் போவது போல, ஐம்பது கேள்வியில் பத்தொன்பதைப் பொறுக்கி எடுத்து, ஒரு தப்பில்லாமல் தைத்து முடித்தாள். கடிகாரம் பார்த்தால் இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது. அடடா, என்ன வேகம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். என் வேலை முடிந்தது. மிச்சம் முப்பத்தொன்று அவர்களுடையது. ஆல்வின் வந்து பார்த்துக்கொள்வான். பாண்டி வந்து பார்த்துக்கொள்வாள். ஏசிக் காற்று கழுத்தில் கை வைத்து மெல்ல அழுத்தியது. தலை சாய்ந்தது.

"ஹலோ. கேண்டிடேட்." மேற்பார்வையாளர் பேனாவால் மேஜையைத் தட்டினார். "உடம்பு சரியில்லையா?"

விழித்தாள். திரையில் பதினேழு நிமிஷம் மிச்சமிருந்தது. பக்கத்தில் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு கண்ணாடிக்காரப் பையன். அந்தப் பக்கம் ரெட்டைச்சடைப் பெண். ஆல்வின் இல்லை. பாண்டி இல்லை. வரப்போவதும் இல்லை. முப்பத்தொரு கேள்வியும் கையில்லாத நைட்டிகளாக வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஆறு மாசம். அறுநூற்று நாற்பது பக்கத்தில் தன் இருநூற்றுச் சொச்சத்தைத் தவிர ஒரு பக்கத்தையும் புரட்டிக்கூடப் பார்க்காத ஆறு மாசம். செக்கிங் மேஜையும், அதன் பின்னால் ஒரு சேரும், அந்தச் சேரில் மூன்று வருஷமும் கண்ணுக்குத் தெரிந்தன.

கை மவுஸின் மேல் நின்றது. தொடலாமா? தப்பாகப் போனால் தன் பத்தொன்பதிலிருந்தும் பிடுங்குவார்களே. அண்ணாச்சி போட்ட சத்தம் காதுக்குள் கேட்டது. நாலு வருஷமாக அடுத்த ஆள் வேலையில் கை வைக்காத கை அது. இப்போது சொன்னால் கேட்குமா? ஒரு நிமிஷம் முழுக்க அந்தக் கையோடு அவள் போட்ட சண்டையை எழுதினால் பானிப்பட்டில் நடந்த மூன்றும் சின்னப்பிள்ளை விளையாட்டாகிவிடும்.

பிறகு தொட்டாள்.

வாக்கியம் அடுக்குவது அவள் பயந்த அளவுக்கு இல்லை. எது முதலில் நடந்திருக்கும், எது பிறகு என்று பார்த்தால் பாதி தானாக வந்து உட்கார்ந்தது. வார்த்தைகள்தான் கொன்றன. சிலவற்றை ஆல்வின் டேபிளில் நின்று கத்தியது எங்கோ காதின் அடியில் ஒட்டியிருந்தது. சிலவற்றை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்து ஆள் எப்படி என்று சொல்வது போல, எழுத்தைப் பார்த்து நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா என்று குறி சொல்லிப் போட்டாள். இருபத்தாறு கேள்விக்குத்தான் போட முடிந்தது; அதற்குள் திரை தானே அணைந்துகொண்டது.

வெளியே வந்தபோது வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. ஒரு மர நிழலில் உட்கார்ந்தாள். அழலாம் என்று நினைத்தாள். அதற்கும் தெம்பு வேண்டுமே. அண்ணாச்சி முழு நாள் லீவு கொடுத்திருந்தார். வீட்டுக்குப் போய்ப் பாயில் விழுந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். உடம்பில் இருக்கிற எலும்பு அத்தனையும் ஒன்றுகூடி அவளிடம் அதைத்தான் மனுப் போட்டன. ஆனால் ஆல்வினுக்கும் பாண்டிக்கும் இன்னும் ஐந்து நாள் இருந்தது. இந்த யோசனையைச் சொன்ன வாய் அவளுடையது.

தளவாய்புரத்தில் இறங்கி நேராகக் கம்பெனிக்கு நடந்தாள்.

"ஏட்டி, வந்துட்டியா! பால்கோவா எங்க?" என்றாள் பாண்டிசெல்வி, மெஷினை நிறுத்தாமல்.

"மெஷின நிறுத்து பாண்டி. ஆல்வின், நீயும் வாலே."

சொன்னாள். தாண்டித் தாண்டிப் போனதைச் சொன்னாள், தூங்கியதைச் சொன்னாள், முப்பத்தொன்றைச் சொன்னாள். பாண்டிசெல்வியின் முகம் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு ஆடித் தள்ளுபடியில் வரும் எல்லாக் கலரும் வந்து போனது.

"கூறுகெட்டவளே! ஜிப்பு வைக்கிற மூளைய வச்சி எங்க ரெண்டு பேத்தையும் கெடுத்துட்டியே! எனக்கு 'இஸ்' எங்க வரும் 'வாஸ்' எங்க வரும்னு தெரியாதுட்டி! ஆறு மாசமா அடுக்கிக்கிட்டே இருந்திருக்கேன், பலசரக்குக் கடையில டின்ன அடுக்கினாப்ல!"

"திட்டு," என்றாள் சத்யா. "நல்லாத் திட்டு. ஆனா செத்த நேரந்தான். பொறவு மூணு துண்டையும் எடுங்க. அஞ்சு நாளு இருக்கு."

ஆல்வின் மட்டும் தலையைச் சொறிந்தான். "அக்கா, மூணு துண்டையும் போன்ல போட்டோ எடுத்து அனுப்பிக்கிட்டா ஆளுக்கு ஒரு முழு கைடு இருக்கும்லா?"

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி இந்த வாய எங்கலே வச்சிருந்த?" என்றாள் பாண்டிசெல்வி.

"அன்னைக்கு மெஷின் கையில இருந்துச்சுக்கா. வெட்டத்தான் தோணுச்சு."

அந்த ஐந்து நாளும் சத்யா தன் பாகத்தை அவர்களுக்கு ஊட்டினாள். நின்றால் கால் வலித்தது, உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. அதனால் தைத்து முடித்த நைட்டிக் குவியலின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, பன்னிரண்டு காலத்தையும் மந்திரம் போல ஓதினாள். நடுவில் குறட்டை வந்தால் பாண்டிசெல்வி காலைச் சுரண்டுவாள். விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஆர்டர் தலைக்கு மேல் கிடக்க, இதற்கு நேரம் எங்கிருந்து வந்தது என்றால், தினமும் சரியாக மூன்று மணிக்குக் கரண்ட் போய் நாலு மணிக்கு வந்தது. மூன்றாம் நாள் ஆல்வின் எட்டிப் பார்த்தபோது, காசிராஜன் அண்ணாச்சி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் கீழேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னலே பாக்க? லைன்ல வேல பாக்காங்க," என்றார். எதிர்வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வரலாற்றுத் தாளையும் எழுதி முடித்தாள். ஆனி கடைசியில் மார்க்கு வந்தது. ஆல்வினுக்கும் பாண்டிசெல்விக்கும் சத்யாவைவிட ஏகப்பட்டது. முதல் லிஸ்டிலேயே ஆல்வினுக்கு பி.காம். கிடைத்தது. பாண்டிசெல்விக்கு சமூகப்பணி கிடைத்தது; அது என்ன பாடம் என்று கேட்டுக்கொள்ளாமலேயே, அந்த ஊரில் நைட்டிக் கம்பெனி இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு சேர்ந்துவிட்டாள். சத்யாவின் பெயர் முதல் லிஸ்டில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. விண்ணப்பத்தில் அவள் வரலாற்றை முதலில் போட்டு, இன்னும் கட்டங்கள் காலியாக இருக்கிறதே என்று கீழே வேறு சில பாடங்களையும் தட்டிவிட்டிருந்தாள். ஒன்றும் அசையவில்லை.

ஆடி பிறந்தது. டேபிளில் புது ஆள் நின்றான். கை வைக்கும் மெஷினில் புதுப் பெண் உட்கார்ந்தாள். சத்யா ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி ஒரு காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாளாக அவள் பக்கம் வருவதும், மெஷினைப் பார்ப்பதும், போவதுமாக இருந்தார். ஐந்தாம் நாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் லிஸ்ட் எதும் இருக்காம்மா?"

"காலி சீட்டுக்கு ஒரு கடைசி ரவுண்டு இருக்காம் அண்ணாச்சி. அதுல எனக்கு வராது. குடுங்க, போட்டிருதேன்."

"ஆடி முடியட்டும்னுதான சொன்னேன்," என்றார் அவர். காகிதம் பையை விட்டு வெளியே வரவில்லை. "என்ன அவசரம்."

ஆடி இருபத்தொன்பதாம் தேதி, டீ நேரத்தில், போனில் மெயில் வந்தது. சத்யா அதை மூன்று முறை படித்தாள். கடைசி ரவுண்டில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மறுநாள் மாலை ஐந்துக்குள் ஏற்கவேண்டும். பல்கலைக்கழகம் அவள் கேட்டதுதான். பாடம் வரலாறு இல்லை. யாரும் எடுக்காமல் மிச்சம் கிடந்த ஒரே ஓர் இடம்: பி.ஏ. இங்கிலீஷ்.

ஓரத்திலே போய் உட்கார்ந்தாள். எந்தத் தாள் அவளை மரத்தடியில் உட்காரவைத்ததோ, அதையே மூன்று வருஷம். அதுவும் முழுசாக. இந்தப் பாகம் என்னுடையதில்லை என்று யாரிடமும் தள்ளிவிட முடியாது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இரண்டையும் ஒத்திப்போட்டாள். இந்தப் பக்கம் மூன்று வருஷம் சேர். அந்தப் பக்கம் மூன்று வருஷம் இங்கிலீஷ். இரண்டில் எதில் அசதி அதிகம் என்று எடை போட்டுப் பார்த்தால் சந்தேகமே இல்லாமல் இங்கிலீஷ்தான் கனம். ஆனால் சேரில் உட்கார்ந்தால் நாலாவது வருஷமும் சேரில்தான்.

கட்டைவிரல் போய் 'ஏற்கிறேன்' என்று போட்டிருந்த இடத்தை அழுத்தியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். பரிபூரணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சீட்டு கெடச்சிருச்சு."

முறம் நின்றது. "எந்தாயி! நெசமாவா? எப்பப் போகணும்?"

"இன்னும் பன்னெண்டு நாள்ல."

"என்ன படிப்புட்டி? வரலாறா?"

"இல்லம்மா. இங்கிலீஷு."

பரிபூரணம் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். நாலரை மணிக்கு எழுந்து எழுந்து கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருப்பைப் பார்த்தாள்.

"அதத்தானட்டி ஆறு மாசமா உசுர விட்டுப் படிச்ச. இன்னுமா முடியல?"

"மூணுல ஒரு பங்குதாம்மா முடிஞ்சிருக்கு," என்றாள் சத்யப்பிரியா. பாயை உதறிப் போட்டாள். "பன்னெண்டு நாள் இருக்குல்லா. சோத்துக்கு மட்டும் எழுப்பு."